கதையை ஒப்பிக்கும் பிள்ளையை வாசிக்க வைப்பது எப்படி?

கேள்வி இது: மண்டபம் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில், மாலை நேரத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார் ஒரு சகோதரி. பெரிய டர்னிப் கிழங்கு ஒன்றைத் தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை, எலி எல்லாரும் சேர்ந்து இழுக்கும் கதைப் புத்தகம் அவர் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை வாசித்துக் காட்டியதுமே பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்காமல் முழுக்கதையையும் ஒப்பிக்கிறார்கள். எழுத்தைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறார்கள். இதை வாசிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா, டர்னிப்பை நம் ஊர்க் காயாக மாற்றலாமா, அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் நேரடிப் பதில். ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது. ஆனாலும் அதைத் தடுக்காதீர்கள், அதட்டவும் செய்யாதீர்கள். கதை மனதில் இருக்கிற பிள்ளைக்கு அடுத்து என்ன சொல் வரும் என்பது தெரியும். அந்தச் சொல் தாளில் எங்கே இருக்கிறது, எந்த எழுத்துகளால் ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. வாசிப்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: எழுத்தை ஒலியாக்குவது, ஒலியாக்கியதைப் புரிந்துகொள்வது. 1986இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். இரண்டில் ஒன்று சுழியம் ஆனால் விடையும் சுழியம். உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் பொறுத்தவரை இரண்டாவது வேலை முடிந்துவிட்டது. முதல் வேலைக்கு முழுக் கவனத்தையும் கொடுக்க முடியும். பாடப்புத்தகத்தின் புதுப் பக்கம் ஒன்றில் இந்த வசதி கிடையாது.

ஒப்பிப்பதோடு விட்டுவிட்டால்தான் ஆபத்து. படத்தைப் பார்த்து வரியைச் சரளமாகச் சொல்லிவிடும் பிள்ளையை, வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்று மூன்றாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

கிழங்கை மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றுங்கள். இது ரஷ்ய நாட்டுப்புறக் கதை. உருளைக்கிழங்கு அங்கே பரவுவதற்கு முன் டர்னிப்தான் ஏழைக் குடியானவர்களின் அன்றாடச் சாப்பாடு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அஃபனாசியேவ் தொகுத்து அச்சிட்ட கதைகளில் இது இருக்கிறது. அந்த வடிவத்தில் பூனையும் எலியும் கிடையாது. நாய்க்குப் பிறகு ஒரு கால் வருகிறது, இன்னொரு கால் வருகிறது, ஐந்தாவது கால் வந்து சேர்ந்ததும் கிழங்கு வெளியே வருகிறது! சொல்லுகிறவர் வாயில் மாறிக்கொண்டே வந்த கதை இது. தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் அது இன்னொரு தடவை மாறினால் ஒரு குறையும் இல்லை. எங்கிருந்து வந்த கதை என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பனி பெய்கிற ஊரில் ஒரு தாத்தா இருந்தார் என்றால் கண்ணை அகல விரித்துக் கேட்பார்கள்.

எதாக மாற்றுவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். பலரும் பூசணிக்காய் என்று மாற்றிவிடுகிறார்கள். பூசணி கொடியில், தரைக்கு மேலே கிடப்பது. அதை யாரும் பத்துப் பேர் சேர்ந்து மண்ணிலிருந்து பிடுங்க மாட்டார்கள். கதையின் உயிரே "உள்ளே எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தெரியாது, இழுத்தாலும் வரவில்லை" என்பதில் இருக்கிறது. அதனால் மண்ணுக்குள் விளைவதாக இருக்க வேண்டும். நம் கரைக்குப் பனங்கிழங்கு போதும். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைப்பதும், தை பிறக்கும்போது தோண்டி எடுப்பதும், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து நார் உரித்துத் தின்பதும் நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது, நாக்கால் அறிந்தது. ஒரு முழ நீளம் வருகிற கிழங்கு பனைமர உயரத்துக்கு வளர்ந்துவிட்டது என்று சொன்ன உடனே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த அளவு வித்தியாசம் புரிந்தால்தான் கதை புரிந்தது. டர்னிப்பின் சாதாரண அளவே தெரியாத பிள்ளைக்கு அது பெரிதாகிவிட்டது என்பதில் வியக்க ஒன்றுமில்லை.

முதல் சில நாள் புத்தகமே வேண்டாம். நடிக்கட்டும். கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு வரிசையாக நின்று கயிறு பிடித்து இழுப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அம்பாப் பாட்டின் முறையையே இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். "தாத்தா இழுத்தார்" என்று நீங்கள் எடுத்துக் கொடுங்கள். "வரவில்லையே!" என்று அவர்கள் சேர்ந்து இழுத்தபடி சொல்லட்டும். வீட்டில் "வரல" என்று பேசுகிற பிள்ளை, விளையாட்டோடு விளையாட்டாக "வரவில்லை" என்ற எழுத்து நடைச் சொல்லை நூறு தடவை சொல்லிவிடும். பின்னால் தாளில் அதைப் பார்க்கும்போது அந்நியமாகத் தெரியாது.

அடுத்து, பிள்ளை தானே வாசிக்கும் முதல் பக்கம். பெரும்பாலானவர்கள் கதையின் முதல் வரியைக் கொடுப்பார்கள்: "ஒரு ஊரில் ஒரு தாத்தா இருந்தார்". என் கருத்தில் அது வேண்டாம். ஏவல் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.

பாட்டி, வா. பிடி. இழு.

தமிழில் ஏவல் என்பது வினையின் வேர்ச்சொல்தான். வா, பிடி, இழு, விடு, எல்லாமே பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. "இழுத்தார்கள்" என்று எழுதியிருப்பதை "இழுத்தாங்க" என்று வாசித்துவிட்டு எது சரி என்று பிள்ளை குழம்பும் சிக்கல் இங்கே எழாது. ஒரு பிள்ளை வாசிக்க, மற்ற பிள்ளைகள் செய்ய வேண்டும். "பிடி" என்று வாசித்தால் பிடிக்க வேண்டும், "இழு" என்றால் இழுக்க வேண்டும். அட்டையை மாற்றி "விடு" என்று காட்டினால் எல்லாரும் பொத்தென்று விழுவார்கள். தான் வாசித்த ஒரு சொல் பத்துப் பேரை ஆட்டி வைக்கிறது என்று பார்க்கிற பிள்ளைக்கு எழுத்தின் மீது வருகிற மரியாதை, நாம் எவ்வளவு அறிவுரை சொன்னாலும் வராது.

இதற்குப் பிறகு கதையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நியூசிலாந்தில் 1970களில் டான் ஹோல்டவே என்ற கல்வியாளர் பெரிய அளவுப் புத்தகத்தை வகுப்பு முழுக்கச் சேர்ந்து பார்த்து வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கென்று அச்சிட்ட புத்தகம் வாங்க வேண்டியதில்லை. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம், ஸ்கெட்ச் பேனா, மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியின் மூடி, குண்டூசி இருந்தால் போதும். எழுத்து இரண்டு விரல்கடை உயரமாவது இருக்கட்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். நான் எழுதச் சொல்வது இந்த ஆறு வரிகளை:

தாத்தா கிழங்கைப் பிடித்தார்.
தாத்தாவைப் பாட்டி பிடித்தாள்.
பாட்டியைப் பேத்தி பிடித்தாள்.
பேத்தியை நாய் பிடித்தது.
நாயைப் பூனை பிடித்தது.
பூனையை எலி பிடித்தது.

இப்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, விரல் வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு விரலை மட்டும் பாருங்கள். வாய் "தாத்தா" என்று சொல்லும். விரல் "தா" என்ற ஒலிக்கு முதல் சொல்லையும், "த்தா" என்ற ஒலிக்கு இரண்டாம் சொல்லையும் தட்டும். "கிழங்கை" என்று வாய் தொடங்கும்போது விரல் "பிடித்தார்" மீது நிற்கும். அதன்பின் தட்ட ஒன்றும் இல்லாமல் விரல் வரியைத் தாண்டி வெற்றிடத்தில் நிற்கும். பிள்ளை ஒரு நொடி நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டியது. ஏதோ ஒத்துவரவில்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது. நீங்கள் திருத்த வேண்டாம். "மறுபடி முதலிலிருந்து வா, கண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள். சில நாளில் வாயும் விரலும் ஒரே சொல்லில் வந்து நிற்கும். இடைவெளி என்பது சொல்லின் எல்லை என்ற அறிவு இப்படித்தான் வருகிறது. கதை மனப்பாடமாக இருப்பதால்தான் வருகிறது.

இந்த ஆறு வரிகளை ஏன் இப்படி எழுதச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் எழுத்து 247. ஆறு வரிக்குள் வருபவை வெறும் 25. அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அதிலும் ஐகாரக் குறி, அதாவது பழைய வாத்தியார்கள் சங்கிலிக்கொம்பு என்று சொன்ன 'ை', எட்டு இடங்களில் வருகிறது: கை, வை, யை, னை. எழுதும்போது முன்னால் நிற்கிற இந்தக் குறி, ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகுகிற பிள்ளைக்கு இது பெரிய இடறல். பேத்தியின் 'பே'யும் அப்படித்தான். தனி எழுத்தாகப் பலகையில் எழுதிப் பத்து நாள் கத்தினாலும் ஏறாத இந்தக் குறி, கதையில் ஒவ்வொரு வரியிலும் வந்து நிற்பதால் தானாகப் பழகிவிடும். குறியை மட்டும் சிவப்பு மையால் எழுதுங்கள். (இடையே ஒன்று: னை, லை, ணை, ளை ஆகியவற்றின் எழுத்துவடிவம் 1978இல் அரசின் எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியது. அதற்கு முன் படித்த பாட்டி வீட்டில் சிலேட்டில் "பூனை" எழுதிக் காட்டினால் வேறு மாதிரி இருக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பாட்டி எழுதியது தப்பு என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது.)

அந்த ஐகாரம் வெறும் ஒலி மட்டும் இல்லை. யாரை யார் பிடித்தார் என்று சொல்வது அதுதான். "நாயைப் பூனை பிடித்தது" என்று ஓர் அட்டையும், "நாய் பூனையைப் பிடித்தது" என்று இன்னோர் அட்டையும் எழுதுங்கள். இரண்டிலும் நாய்தான் முதலில் வருகிறது. சொற்களின் வரிசை ஒன்று, பொருள் தலைகீழ். எந்த அட்டைக்கு எந்தப் படம் என்று பொருத்தச் சொல்லுங்கள். படத்தையோ நினைவையோ வைத்து ஊகிக்கிற பிள்ளை இங்கே நின்றுவிடும். சொல்லின் கடைசி எழுத்து வரை கண்ணை ஓட்டினால் மட்டுமே விடை கிடைக்கும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை யூகித்து வாசிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. அதை மாற்ற இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பிடித்தார், பிடித்தாள், பிடித்தது என்று வினையின் வால் மாறுவதும் இதே மாதிரிதான். வாலை மறைத்து "பிடித்…" என்று காட்டி, யார் பிடித்தது என்று கேட்டுவிட்டு, வாலைத் திறந்து காட்டுங்கள். தாத்தாவா, பேத்தியா, நாயா? பிள்ளைகள் வாய்மொழியில் ஏற்கெனவே அறிந்த இலக்கணம் இது. கண்ணுக்குக் காட்டுவதுதான் நம் வேலை. எழுவாய், செயப்படுபொருள் என்ற பேச்செல்லாம் இப்போது வேண்டாம். "பிடித்தார்" முன் வருகிற 'ப்' எதற்கு என்றும் விளக்க வேண்டாம். சரியாக எழுதியதைப் பார்த்துப் பழகட்டும்.

மனப்பாடத்தை வேண்டுமென்றே உடைக்கும் கட்டம் அடுத்தது. வரிகளைச் சொல் சொல்லாக வெட்டுங்கள். மூடியில் குண்டூசியால் குத்தி வைத்து, பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது இரண்டு சொற்களை இடம் மாற்றுங்கள். "எலியைத் தாத்தா பிடித்தார்" என்று ஒரு வரி வந்துவிட்டால், யார் முதலில் சிரிக்கிறார்களோ அவர்கள் வாசிக்கிறார்கள். யார் பழைய வரியையே சொல்கிறார்களோ அவர்கள் இன்னும் ஒப்பிக்கிறார்கள். தேர்வு என்று பெயர் வைக்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு கதையில் இல்லாத ஆளைக் கொண்டுவாருங்கள்: நண்டு, ஆமை, மாமா, டீச்சர். "எலியை நண்டு பிடித்தது". இந்த வரியை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது.

கதை மட்டுமே போதும் என்று சொல்லிவிட மாட்டேன். எழுத்தை எழுத்தாகச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். நிறையக் கதை கேட்டால் எழுத்து தானாக வந்துவிடும் என்பது சில பிள்ளைகளுக்குப் பொருந்தலாம், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வீட்டில் அச்சிட்ட தாளே அதிகம் இல்லாத பிள்ளைக்கு நிச்சயமாகப் பொருந்தாது. நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கற்று முடிக்கவே பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியின் பல வருடங்கள் ஆகின்றன என்று காட்டியது. அதனால் அவசரப்படாதீர்கள், தள்ளிப் போடவும் வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம், கதையில் வந்த ஓர் எழுத்தை எடுத்து அதன் குடும்பத்தைக் காட்டுங்கள். 'தா' வந்ததா? கா, பா, நா, மா என்று அதே துணைக்காலோடு மற்றவை. மணலில் விரலால் எழுதட்டும், நம் ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை. அகர வரிசை பின்னால் வரலாம். பள்ளியில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், எந்த எழுத்தில் நிற்கிறது என்று பிடிக்க உதவும்.

உச்சரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நம் பக்கம் மழை 'மளை', பழம் 'பளம்'. பிள்ளை "இளுத்தார்" என்றுதான் வாசிக்கும். வரியின் நடுவில் நிறுத்தி "ழ சொல்லு, ழ சொல்லு" என்று திருத்தாதீர்கள். எழுத்தைப் பார்த்தது, சொல்லைப் பிடித்தது, பொருள் தெரிந்தது, அது வாசிப்புதான். வாசித்து முடித்தபின் தனியாக ழகரத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். கிழங்கு, இழு, குழம்பு, விழு என்று இந்தக் கதையைச் சுற்றியே வேண்டிய சொற்கள் இருக்கின்றன. நாக்கை உள்ளே மடிப்பதைச் சிரித்துக்கொண்டே பழகட்டும்.

வேடம் பிரிக்கும்போது ஒரு விஷயம். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தாத்தாவையும், பின்தங்கிய பிள்ளைக்குக் கடைசி எலியையும் கொடுப்பது வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் எலிக்குரிய அட்டையை அந்தப் பிள்ளையே வாசிக்க வேண்டும் என்று வையுங்கள். 'எலி' இரண்டே எழுத்து, இந்த ஆறு வரியில் மிக எளிய சொல். அதை அந்தப் பிள்ளை வாசிக்கும்வரை கிழங்கு வெளியே வராது. மொத்த வகுப்பும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். வாய் திறக்காத ஒரு சின்னப் பெண், கடைசியில் நின்று அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "எ… லி" என்று சொன்னதும் முன்னால் இருந்த அத்தனை பேரும் மல்லாக்க விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவள் அட்டையை வீட்டுக்குக் கொண்டு போகக் கேட்டாள்.

கொடுத்தனுப்புங்கள். அட்டை கிழிந்தால் கிழியட்டும், இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். வீட்டில் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விடியலில் கடல்பாசி எடுக்கப் போய்த் திரும்பி, அடுப்படியில் இருக்கிற அம்மாவிடம் பிள்ளை கதை சொல்லி, அட்டையைக் காட்டினால் போதும். வீட்டில் அழைக்கிற பெயரையே அட்டையில் எழுதுவதும் நல்லது. ஒரு வீட்டில் அப்பத்தா, ஒரு வீட்டில் அம்மாச்சி, பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் உம்மம்மா. பாட்டி என்ற சொல் புத்தகத்தில் இருக்கட்டும், பிள்ளையின் அட்டையில் அதன் வீட்டுச் சொல் இருக்கட்டும். அப்பா கடலுக்குப் போகிற வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். மற்ற மாதங்களில் கிடைக்காத அப்பாவைக் கதை கேட்க உட்கார வைக்க அதுதான் நேரம்.

இத்தனைக்கும் பிறகு, மற்ற பிள்ளைகள் புது வரிகளை வாசிக்கத் தொடங்கியபின்னும் ஒரு பிள்ளைக்கு 'த்', 'தா' இரண்டும் சேரவே மாட்டேன் என்கிறது என்றால், மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வருகிற பிள்ளைக்கு ஒலி வேறுபாடு தெளிவாகக் கேட்காமல் போகலாம். பெற்றோரே கவனித்திருக்க மாட்டார்கள். கண்ணும் காதும் சரி என்றால், ஒலியை மட்டும் வைத்து விளையாடுங்கள்: "பாட்டி என்ற சொல்லில் முதலில் என்ன ஒலி? 'பா'வை எடுத்துவிட்டு 'சீ' போட்டால் என்ன?" தாளில்லாமல், நடந்துகொண்டே செய்யலாம். எழுத்து அதன்பிறகு ஒட்டும்.

அடுத்த கதையாக, இதே அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிற கதையை எடுக்காதீர்கள். பாதி வரி திரும்ப வரட்டும், பாதி வரி புதிதாக இருக்கட்டும். அதற்கடுத்ததில் கால்வாசி போதும். பனங்கிழங்குக் கதையின் அட்டைகளைச் சுவரிலேயே விட்டு வையுங்கள். புதுக் கதையில் "பிடித்தது" என்று எங்காவது வந்தால், சுவரைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளே வாசித்துக்கொள்வார்கள்.